கவர்னர் முகாமிட்ட ஊர்கள்

1827 மே மாதக் கடைசியில் சென்னை மாகாண கவர்னர் சர் தாமஸ் மன்றோ பரிவாரத்துடன் வடமேற்கே கிளம்பினார். பதவியிலிருந்து விடுவிக்கச் சொல்லி லண்டனுக்கு எழுதியிருந்தார். அடுத்து வரவேண்டிய ஸ்டீபன் லஷிங்டன் இன்னும் வந்து சேரவில்லை. மனைவியும் நோயுற்ற குழந்தையும் ஏற்கெனவே கப்பலேறிப் போய்விட்டார்கள். காத்திருந்த அந்த நாட்களில், முன்பு ஏழாண்டுகள் கலெக்டராக வேலை பார்த்த சீமையை இன்னொரு முறை பார்த்துவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. சுற்றிலும் காலரா இருந்தது. முகாமுக்குள்ளும் அது வந்தது. ஜூலை 6ஆம் தேதி பத்திகொண்டாவில் கூடாரம் அடித்தார்கள். அன்று இரவே கவர்னர் இறந்துபோனார்.

உடலைக் குத்தி என்ற ஊருக்குக் கொண்டுவந்து கோட்டை அடிவாரத்தில் புதைத்தார்கள். 1831இல் எலும்புகளை எடுத்துச் சென்னைக்குக் கொண்டுபோய், செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரிஸ் தேவாலயத்தில் மறுபடி அடக்கம் செய்தார்கள். அண்ணா சாலையில் தீவுத்திடல் பக்கம் குதிரைமேல் உட்கார்ந்திருப்பவர் இவர்தான். அந்தச் சிலையைச் சென்னைவாசிகள் அறிவார்கள். அவர் கடைசியாகப் போன பாதையை அறிந்தவர்கள் குறைவு. அந்தப் பாதையில் போய்வர வேண்டும் என்ற ஆசை எனக்கு வெகுநாளாக இருந்தது.

கிளம்பும் முன் செயின்ட் மேரிஸ் தேவாலயத்துக்குப் போனேன். 1680இல் கட்டி முடித்த கட்டடம். மாகாணத்தை ஆண்டவர்களின் கதையில் பாதி இந்தச் சுவர்களுக்குள் இருக்கிறது. பின்னாளில் கவர்னரான எலிஹு யேல் இங்கேதான் திருமணம் செய்துகொண்டார். சொந்த வியாபாரத்தில் பணம் குவித்தார் என்ற குற்றச்சாட்டில் 1692இல் பதவி இழந்தார். அவர் கொடுத்த பொருள்களால்தான் அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்கு அவர் பெயர் வந்தது. ஜார்ஜ் பிகட் கதை இன்னும் கொடியது. தஞ்சாவூர் ராஜாவுக்கு நாட்டைத் திருப்பிக் கொடுத்ததற்காக, ஆற்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்து வைத்திருந்த கும்பலின் பகையைச் சம்பாதித்தார். 1776 ஆகஸ்டில் அவருடைய கவுன்சில் உறுப்பினர்களே அவரைக் கைது செய்தார்கள். அடுத்த ஆண்டு காவலிலேயே இறந்தார். சிலோனில் கவர்னராக இருந்துவிட்டு 1860இல் சென்னைக்கு மாறிவந்த சர் ஹென்றி வார்டு, பதவியேற்ற சில வாரங்களிலேயே காலராவுக்குப் பலியானார். ஹோபர்ட் பிரபு 1875இல் டைபாய்டில் போனார்.

இந்தப் பெயர்களையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது ஒன்று புலப்படும். பெரும்பாலோர் மாகாணத்துக்கு மேலிருந்து வந்து இறங்கியவர்கள். பிரபுக்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள், போர்த்தளபதிகள். அவர்கள் பார்த்த மாகாணம் கோட்டையும் மாளிகையும் பின்னாளில் ஊட்டியும்தான். மன்றோ அப்படி வந்தவரல்ல. கிளாஸ்கோவில் புகையிலை வணிகம் செய்த அப்பா அமெரிக்க சுதந்திரப் போரால் நொடித்துப்போக, 1780இல் பதினெட்டு வயதுக் காலாட்படைப் பயிற்சி வீரராகச் சென்னையில் வந்து இறங்கினார். சிறுவயதில் அம்மை கண்டதில் காது சற்று மந்தம். ஹைதருடனும் திப்புவுடனும் நடந்த போர்களில் இருந்தார். 1792இல் பாராமகால் கம்பெனி கைக்கு வந்தபோது, கேப்டன் ரீடுக்கு உதவியாளராகத் தர்மபுரிப் பக்கம் ஏழாண்டுகள் நிலம் அளந்தார். பிறகு கன்னடக் கடற்கரை. பிறகு நான் இப்போது போகும் சீமை. கவர்னர் நாற்காலியில் உட்கார 1820 ஆனது. வந்து நாற்பது ஆண்டுகள் கழித்து!

மும்பை போகும் ரயில் ரேணிகுண்டாவைத் தாண்டியதும் நிலம் மாறத் தொடங்கியது. பச்சை குறைந்து பாறை கூடுகிறது. கடப்பையைத் தாண்டி எர்ரகுண்ட்லா பக்கம் வந்தால், நம் வீட்டுச் சமையலறை மேடைக்குப் போடுகிற அதே கடப்பைக் கல்லை இங்கே வயலுக்கு வேலியாக நட்டிருக்கிறார்கள். செவ்வகப் பலகைகள், ஆள் இடுப்புயரம், வரிசை வரிசையாக. ஜன்னலோரம் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டே வரலாம். மழை பொய்த்தால் ஆண்டு முழுக்கப் பொய்த்ததுதான் என்கிற பூமி இது. நிலக்கடலையும் சோளமும் பருத்தியும் வானத்தை நம்பி நிற்கின்றன.

1800இல் நிஜாம் இந்தப் பகுதியைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். தன் நாட்டில் கம்பெனிப் படையை நிறுத்தி வைப்பதற்கான செலவுக்கு ஈடாகக் கொடுத்தது. பெல்லாரி, அனந்தப்பூர், கடப்பை எல்லாம் சேர்ந்த அந்தப் பெரும் பரப்புக்கு முதல் கலெக்டராக மன்றோ வந்தார். ஏறக்குறைய எண்பது பாளையக்காரர்கள், அவர்களுக்கு ஆயிரக்கணக்கில் ஆயுதம் தாங்கிய ஆட்கள். நம் ஊரில் கட்டபொம்மனுக்கு நேர்ந்த அதே காலம். மன்றோ ஆயுதங்களைப் பறித்தார், எதிர்த்தவர்களை விரட்டினார், அடங்கியவர்களுக்குப் பென்ஷன் கொடுத்து உட்கார வைத்தார். அவர் மீது அன்பு வைத்து எழுதுகிறவர்கள் இந்த அத்தியாயத்தை வேகமாகத் தாண்டிப் போவதுண்டு. தாண்டக் கூடாது. கம்பெனி இயக்குநர்களுக்கே அவர் காட்டிய கடுமை பிடிக்கவில்லை. 1846இல் பென்ஷன் தகராறில் வெகுண்டெழுந்து, அடுத்த ஆண்டு தூக்கில் தொங்கிய உய்யாலவாடா நரசிம்ம ரெட்டி இப்படி ஒடுக்கப்பட்ட பாளையக்காரக் குடும்பத்தின் வாரிசுதான்.

பாளையக்காரர் போன பிறகு மிஞ்சியவர் உழவர். அவரோடு நேரடியாகக் கணக்கு வைத்துக்கொள்ளும் ரயத்துவாரி முறையே மன்றோவின் வழி. வங்காளத்தில் ஜமீன்தாரைக் கூப்பிட்டு மொத்தமாகக் கிஸ்தி பேசி முடித்தார்கள். இங்கே வயல் வயலாக அளந்து, மண்ணைத் தரம் பிரித்து, இன்னாருக்கு இன்ன நிலம், இவ்வளவு தீர்வை என்று பட்டா எழுதினார்கள். 1802 முதல் 1807 வரை அளவை நடந்தது. கலெக்டர் கச்சேரியில் உட்கார்ந்து வேலை பார்க்கவில்லை. ஆண்டில் பெரும்பகுதி கூடாரத்தில் இருந்தார். ரெட்டியும் கர்ணமும் குடியானவர்களும் கூடார வாசலில் வந்து உட்கார்ந்து விளைச்சலையும் வறட்சியையும் பேசினார்கள். இன்றும் தமிழ்நாட்டில் ஒவ்வொரு தாலுகா ஆபீசிலும் ஆண்டுக்கொருமுறை ஜமாபந்தி நடக்கிறதே, அதன் வேர் அந்தக் கூடார வாசலில் இருக்கிறது. கலெக்டரே மாவட்ட மாஜிஸ்திரேட்டாகவும் இருப்பதற்கு 1816இல் வந்த சட்டங்கள் காரணம். அவற்றின் பின்னாலும் இவர் இருந்தார்.

ஆனால் தீர்வை கனமானது. விளைச்சலில் கிட்டத்தட்டப் பாதி. ஏழாண்டில் இந்தச் சீமையின் வருமானத்தை ஒன்றரை மடங்கு ஆக்கிக் காட்டினார். அதை வறண்ட மண்ணிலிருந்துதான் எடுக்க வேண்டியிருந்தது. இது தாங்காது என்பதை அவர் உணர்ந்தார் என்பதற்குச் சான்று இருக்கிறது. 1807 ஆகஸ்டில் ஊருக்குக் கிளம்பும் முன், தீர்வையில் கால்பங்கைக் குறைக்க வேண்டும் என்று எழுதினார். மேலிடம் கேட்கவில்லை. கிராமங்களைக் குத்தகைக்கு விட்டார்கள். குத்தகைக்காரர்கள் உழவரைப் பிழிந்தார்கள். பதின்மூன்று ஆண்டுகள் கழித்துக் கவர்னராகத் திரும்பி வந்த பிறகே ரயத்துவாரியை மீண்டும் நிலைநாட்டவும் தீர்வையைக் குறைக்கவும் அவரால் முடிந்தது. அவர் போன பிறகும் வசூல் கொடுமை ஓயவில்லை. கிஸ்தி கட்டாதவர்களைக் குனிய வைத்துக் கட்டிப்போட்டதும் வெயிலில் நிறுத்தியதும் 1855இல் வெளிவந்த சித்திரவதை விசாரணைக் குழு அறிக்கையில் பதிவாகியிருக்கின்றன. நல்லவர் ஒருவர் அமைத்த ஏற்பாடும் அவர் கண்பார்வை விலகியதும் இப்படி ஆகும் என்றால், ஏற்பாட்டிலேயே குறை இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். தீர்வை எவ்வளவு என்று சொல்லும் இடத்தில், அதைக் கட்டுகிறவர் உட்காரவே இல்லை.

குத்தியில் இறங்கும்போது பொழுது விடிந்திருந்தது. ஸ்டேஷனை ஒட்டிய ஒரு கடையில் உக்கானி போட்டார்கள். பொரியை நனைத்துப் பிழிந்து, வெங்காயம், பச்சைமிளகாய், மஞ்சள் போட்டுத் தாளித்து, மேலே பொட்டுக்கடலை மாவு தூவித் தருகிறார்கள். கூடவே இரண்டு மிளகாய் பஜ்ஜி. ராயலசீமைக் காரத்தை அந்த பஜ்ஜியில் கண்டுகொள்ளலாம். கடைக்காரரிடம் கோட்டைக்கு வழி கேட்டேன். “வெயில் ஏறுறதுக்குள்ள ஏறிடுங்க, சார். மேல போனா தண்ணி இல்ல” என்றார், சென்னையில் ஹோட்டல் வேலை பார்த்துப் பழகிய தமிழில்.

அவர் சொன்ன தண்ணீரில்தான் இந்தக் கோட்டையின் கதையே முடிந்தது. மராட்டியத் தலைவர் முராரி ராவ் இங்கிருந்து ஆண்டவர். 1776இல் ஹைதர் அலி வந்து முற்றுகையிட்டார். மலைமேல் தண்ணீர் தீர்ந்துபோனதால் முராரி ராவ் பணிந்தார். உச்சியில், செங்குத்துப் பாறை விளிம்பில், வழவழப்பான சுண்ணாம்புப் பூச்சோடு ஒரு சிறு மண்டபம் நிற்கிறது. அவர் உட்கார்ந்து சதுரங்கம் ஆடிய இடம் என்று சொல்கிறார்கள். அங்கிருந்து பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை ரயில் பாதையும் ஹைதராபாத்–பெங்களூரு நெடுஞ்சாலையும் கருங்கல் குன்றுகளும். படைகள் இந்த ஊரை ஏன் விடவில்லை என்பது அங்கே நின்றால் புரிந்துவிடும்.

அடிவாரத்தில் ஐரோப்பியர் கல்லறைத் தோட்டம். மன்றோவை முதலில் புதைத்த இடம். அவர் நினைவாக ஊருக்குள் வழிப்போக்கர் தங்க ஒரு சத்திரமும் கட்டினார்கள். ஒரு கவர்னருக்குச் சத்திரம் நினைவுச்சின்னமாகியிருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. லண்டன் சிற்பி சான்ட்ரி வார்த்த குதிரை, கடல் கடந்து வந்து 1839இல் சென்னையில் நின்றது. இங்கே நடந்து களைத்தவருக்கு ஒரு திண்ணை கிடைத்தது.

குத்தியிலிருந்து பத்திகொண்டா சாலையில் சுமார் 13 கிலோமீட்டர் போனால் எர்ரகுடி. ஆட்டோவை நிறுத்திவிட்டுப் பாறைகளை நோக்கி நடந்தேன். அசோகர் கல்வெட்டு. பெரும்பாறைக் கட்டளைகள் பதினான்கும் சிறுபாறைக் கட்டளைகள் இரண்டும் ஒரே இடத்தில் இருக்கின்றன. பிராமி எழுத்து, பிராகிருத மொழி. சிறு கட்டளையின் சில வரிகள் இடமிருந்து வலமாகவும், அடுத்த வரி வலமிருந்து இடமாகவும், ஏர் திரும்புவது போலத் திரும்பித் திரும்பி ஓடுகின்றன. பாறை சொரசொரப்பானது, காலைச் சாய்ந்த வெயிலில் மட்டும் எழுத்துகள் எழும்பித் தெரிகின்றன.

நான் இந்தப் பாறையை நோக்கி வந்ததற்குக் காரணம் உண்டு. மௌரியப் பேரரசின் தென்மாகாணத்துக்கு சுவர்ணகிரி தலைநகரம். ஆர்யபுத்திரர் என்று குறிக்கப்படும் அரசகுமாரர் அங்கிருந்து ஆண்டார். இங்கிருந்து அதிக தூரமில்லாத ஜொன்னகிரிதான் அந்த சுவர்ணகிரி என்று கருதும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அப்படியானால் இந்த மண்ணில் மாகாண ஆளுநர் பதவிக்கு வயது இரண்டாயிரத்து இருநூறுக்கும் மேல். மூன்றாம் கட்டளை அதிகாரிகள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தத்தம் எல்லைக்குள் சுற்றுப்பயணம் போய்வர வேண்டும் என்று உத்தரவிடுகிறது. ஆள்பவர் இருந்த இடத்திலிருந்து எழுந்து போக வேண்டும் என்பதைப் பாறையில் வெட்டி வைத்திருக்கிறார்கள்! இரண்டாம் கட்டளையில் நம்மவர்கள் வருகிறார்கள். சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர். பேரரசுக்கு வெளியே இருந்த அவர்கள் நாடுகளிலும்கூட மனிதருக்கும் கால்நடைக்கும் மருத்துவம் செய்ய ஏற்பாடு, வழியெல்லாம் கிணறு வெட்டி மரம் நட ஏற்பாடு என்று அது பேசுகிறது.

அங்கிருந்து பத்திகொண்டாவுக்குப் போகும் சாலையின் இருபுறமும் கரிசல் தொடங்குகிறது. முதல் மழை பெய்து ஓய்ந்ததும் ஜொன்னகிரி, துக்கலி பக்கத்து வயல்களில் ஜனங்கள் குடும்பத்தோடு குனிந்து வைரம் தேடுவார்கள். மழை மண்ணைக் கழுவிவிட்டால் சில சமயம் கிடைக்கிறது. எல்லாருக்கும் கிடைப்பதில்லை. அப்படித் தேடுகிறவர்களில் பலர் விதைக்கக் காசில்லாதவர்கள்.

பத்திகொண்டா தக்காளிக்குப் பேர்போன ஊர். சந்தைக்குள் போனால் பிளாஸ்டிக் கிரேடுகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கின்றன. ஏலம் வேகமாக நடக்கிறது. கிரேடின் மேலே இருக்கிற நாலு பழத்தை எடுத்து அமுக்கிப் பார்க்கிறார் வியாபாரி, விலை சொல்கிறார், அடுத்த கிரேடுக்கு நகர்கிறார். விளைவித்தவர் தலைப்பாகைத் துண்டை உதறியபடி கூடவே நகர்கிறார். விலை விழுந்துபோன நாட்களில் ஏற்றுக்கூலிகூடக் கட்டாமல் சாலையோரம் கொட்டிவிட்டுப் போவதும் இங்கே நடப்பதுதான். கையில் பட்டா இருக்கிறது, நிலம் அவருடையது, அளவு துல்லியம். விலை மட்டும் அவர் கையில் இல்லை. இரு நூற்றாண்டுகளுக்கு முன் தீர்வையைச் சொன்னவர் யாரோ. இன்று விலையைச் சொல்கிறவரும் யாரோ. இதைப் பார்த்துவிட்டு வெறுமனே நகர என்னால் முடியவில்லை. வெகுநேரம் ஏலத்தோடு சுற்றினேன்.

மன்றோ இறந்த இடத்தில் அரசாங்கம் ஒரு கிணறு வெட்டி, ஒரு தோப்பு வைத்தது. எர்ரகுடிப் பாறையில் இருப்பவையும் கிணறும் மரமும்தான். அந்தக் கல்வெட்டை 1827இல் யாரும் படித்திருக்க முடியாது. பிராமி எழுத்தை ஜேம்ஸ் பிரின்செப் வாசித்துக் காட்டியதே பத்தாண்டு கழித்துத்தான். இந்த வெயிலில் ஆள்பவர் ஒருவருக்கு மரியாதை செய்ய வேறு வழி இல்லை என்பதை இரு காலத்தவரும் தனித்தனியாகக் கண்டிருக்கிறார்கள்.

மன்றோ இறந்து ஐம்பது ஆண்டுகளுக்குள் இந்த ஊர்களைத் தாது வருஷப் பஞ்சம் துடைத்தெடுத்தது. 1876–78. பெல்லாரி, கர்நூல், கடப்பை மாவட்டங்கள் மிக மோசமாக அடிவாங்கின. அப்போது கவர்னர் பக்கிங்ஹாம் கோமகன். மாகாண அரசு முப்பதாயிரம் டன் தானியம் வாங்கி இருப்பு வைக்க முனைந்தது. சந்தையில் கைவைக்காதே என்று வைஸ்ராய் லிட்டன் தடுத்தார். கல்கத்தாவிலிருந்து வந்த ரிச்சர்ட் டெம்பிள், பஞ்ச நிவாரண வேலைக்கு வந்தவர்களின் நாள் கூலியை ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் என்று வெட்டினார். இந்த அளவில் மனிதர் உயிர் வாழ முடியாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் எதிர்த்து வாதாடினார். பிறகு அளவு கூட்டப்பட்டது. அதற்குள் எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்தார்கள். கவர்னர் என்கிற பதவியின் எல்லை அந்தப் பஞ்சத்தில் வெளிப்பட்டது. மேலே ஒருவர் வேண்டாம் என்றால் கீழே இவர் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். கீழே இருப்பவர்கள் என்ன சொன்னாலும் அதற்கு இவர் கட்டுப்பட்டவரல்லர்.

மன்றோ இந்த முரணை மற்ற எவரையும்விடத் தெளிவாகப் பார்த்தவர். 1822இல் பத்திரிகைச் சுதந்திரம் பற்றி எழுதிய குறிப்பில், சுதந்திரமான அச்சும் அந்நியர் ஆட்சியும் நெடுநாள் சேர்ந்து வாழ முடியாது என்றார். சொல்லிவிட்டு, அந்நியர் ஆட்சியின் பக்கம் நின்று அச்சைக் கட்டுப்படுத்தச் சொன்னார். ஆனால் அதே கை, 1824 டிசம்பர் 31 தேதியிட்ட நெடிய குறிப்பில், இந்த நாட்டு மக்கள் தங்களைத் தாங்களே ஆண்டுகொள்ளும் நாள்வரையில்தான் நாம் இருக்க வேண்டும் என்ற கருத்தையும் எழுதியது. உயர்ந்த பதவிகளுக்கு இந்தியரை விடாமல் அவர்களை ஒழுக்கமற்றவர்கள் என்று குறைசொல்வது அநியாயம் என்றும் வாதாடியது. அவர் உத்தரவிட்ட கணக்கெடுப்பில்தான் மாகாணத்தில் 12,498 திண்ணைப் பள்ளிகளும் கல்விக்கூடங்களும், அவற்றில் 1,88,650 மாணவர்களும் இருந்தது தெரியவந்தது. அந்தக் கணக்கு மட்டும் இல்லாவிட்டால், நமக்கு எழுத்தறிவித்தவர்கள் வெள்ளைக்காரர்களே என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருப்போம்.

ஆதோனி வழியாக மந்திராலயம் போய், அங்கிருந்து சென்னை ரயிலைப் பிடிப்பது திட்டம். துங்கபத்திரைக் கரையில் வழக்கமான கூட்டம். பாதிப்பேர் தமிழ் பேசினார்கள். ராகவேந்திரர் புவனகிரியில் பிறந்து, கும்பகோணத்தில் மடத்துத் தலைவராக இருந்து, 1671இல் இங்கே பிருந்தாவனம் புகுந்தவர். அவரைப் பற்றிச் சொல்லும் கதைகளில் மன்றோவும் வருகிறார். மடத்து நிலத்தை அரசுக்கு எடுத்துக்கொள்ளும் பேச்சு எழுந்தபோது விசாரிக்க வந்த கலெக்டர் மன்றோ, தொப்பியையும் செருப்பையும் கழற்றிவிட்டு உள்ளே போனாராம். பிருந்தாவனத்துக்குள்ளிருந்து ராகவேந்திரர் அவருக்கு மட்டும் காட்சி தந்து பேசினாராம். கூட நின்ற யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. நிலம் மடத்துக்கே என்று கலெக்டர் எழுதிவிட்டுப் போனார் என்று முடிகிறது கதை.

காது மந்தமான மனிதருக்கு மட்டும் கேட்டது என்று இந்த மக்கள் சொல்கிறார்கள். சொல்லுகிறவர்களுக்கு அவர் காது பற்றித் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. புதிய ஆட்சி வந்து இனாம் நிலங்களைத் துருவிய காலத்தில் ஊர்கள் எவ்வளவு நடுங்கியிருக்கும் என்பதும், வந்தவர் காலணியைக் கழற்றிவிட்டுக் கேட்டார் என்பது அவர்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது என்பதும் அந்தக் கதைக்குள் இருக்கின்றன. ராயலசீமையில் பிள்ளைகளுக்கு மன்றோலப்பா என்று பெயர் வைத்ததும் அந்த ஆறுதலால்தான்.

மந்திராலயம் ரோடு ஸ்டேஷனில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் தர்மபுரிக்காரர். குடும்பத்தோடு வந்திருந்தார். பேச்சு மன்றோவுக்கு வந்தது. உங்கள் ஊர்ப் பக்கம் முதன்முதல் நிலம் அளந்து பட்டா போட்டவர்களில் ஒருவர், பிறகு அவரே கவர்னர் ஆனார் என்றேன்.

“அப்படிங்களா?” என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். “எங்க அப்பா பேர்ல இருக்கிற பட்டாவ மாத்த ஒன்றரை வருஷமா அலையறேங்க. இப்ப இருக்கிற கவர்னருக்கு ஒரு மனு எழுதிப் போட்டா நடக்குங்களா?”

“நடக்காதுங்க. அவரை ஜனாதிபதி நியமிக்கிறார். மந்திரிசபை சொல்றபடி கையெழுத்துப் போடறது அவர் வேலை. பட்டாவுக்கு தாசில்தார், அவர் மறுத்தா ஆர்டிஓ, அதுக்கு மேல டிஆர்ஓ. ஜமாபந்தி அன்னிக்கு நேர்ல போய்க் கொடுங்க, பதிவாகும்.”

“அது எப்பங்க வருது?”

“மே, ஜூன்ல.”

பையிலிருந்து பேனா எடுத்து, தரிசன டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டார். “சர்வே நம்பரும் போட்டுத்தானே எழுதணும், சார்?” என்று கேட்டார். ஆமாம், உட்பிரிவு எண்ணையும் சேர்த்து எழுதுங்கள் என்றேன்.